புது மேனுஃபாக்சர்டு வீட்டில் குடியேறியதும் தலைகாட்டும் குறைகள்: மேலே அறிகுறி, கீழே காரணம்

அமெரிக்காவில் தொழிற்சாலையில் கட்டி, லாரியில் இழுத்துவந்து, மனையில் இறக்கிப் பொருத்தித் தருகிற மேனுஃபாக்சர்டு வீட்டுக்குப் புதிதாகச் சாவி வாங்கியவர்களுக்கான குறிப்பு இது. 1976 ஜூன் 15 முதல் ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையின் விதிப்படி கட்டப்படுபவைதான் இந்த வகை. அதற்கு முந்தையவை மொபைல் ஹோம். அவற்றின் நோய்கள் வேறு, அதற்குள் இங்கே போகவில்லை.

புது வீட்டில் ஏதாவது குறை தெரிந்தால் எல்லோரும் முதலில் திட்டுவது தொழிற்சாலையை. பெரும்பாலும் அது அநியாயம். அங்கே மழை வெயில் படாமல், ஒரே வேலையைத் தினமும் செய்கிற ஆட்கள் கட்டுகிறார்கள், கட்டக் கட்ட ஆய்வும் நடக்கிறது. மனையில் அப்படியில்லை. செட்டப் ஆட்கள் வந்து பிளாக் அடுக்கி, இரண்டு பாதியாக வரும் டபுள்வைடு என்றால் அவற்றைச் சேர்த்து, தண்ணீர், சாக்கடை, ஏசிக் காற்று போகும் டக்ட், ஒயர், கேஸ் எல்லாவற்றையும் கோத்துவிட்டு அடுத்த மனைக்குக் கிளம்பிவிடுவார்கள். கோளாறு பிறப்பது அநேகமாக அந்த இணைப்புகளில்தான், அவற்றில் முக்கால்வாசி தரைக்கு அடியில் இருக்கின்றன. அதனால் மேலே எதைக் கண்டாலும் முதலில் வீட்டின் அடியைச் சுற்றி மறைத்திருக்கும் ஸ்கர்டிங்கின் கதவைத் திறந்து கீழே பாருங்கள்.

தலையில் மாட்டும் விளக்கு, தூசி முகமூடி, முட்டிக்கு உறை, பழைய முழுக்கைச் சட்டை போதும். ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை மட்டும் உங்களுடையது அல்ல. ஜாக்கியின் மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் யாரும் நுழையக்கூடாது. இன்னொன்று, டேட்டா பிளேட் என்னும் தாள் வீட்டுக்குள் ஒட்டியிருக்கும்: சமையலறை அலமாரிக்குள், மின்பெட்டிக்குப் பக்கத்தில், அல்லது படுக்கையறை குளோசெட்டில். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் தொடர் எண், காற்று மண்டலம், கூரை தாங்கும் பனிச் சுமை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 1992-இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைப் புரட்டிப்போட்ட பிறகு, 1994-இல் காற்று விதிகளை இறுக்கினார்கள். கடலோரக் கவுண்டியில் இருந்துகொண்டு உங்கள் தாளில் முதல் மண்டலம், அதாவது மூன்றில் காற்றை மிகக் குறைவாகத் தாங்குவது, என்று இருந்தால் அது பழுதுபார்க்கிற விஷயமல்ல, விற்றவரிடம் உடனே பேச வேண்டிய விஷயம்.

காத்திருக்கக் கூடாத மூன்று

*இரும்புக் கதவையோ வெளிக்குழாயையோ தொட்டால் சுருக்கென்கிறது.* ஈரத்தில் நின்று தொட்டால் இன்னும் பலமாக இருக்கும். "லேசான ஷாக்தானே" என்று விடாதீர்கள். வீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் முழுவதிலும் மின்சாரம் ஏறியிருக்கிறது, இறங்க வழியில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். காய்ந்த கையோடும் ரப்பர் அடி ஷூவோடும் போய், வீட்டுக்கு வெளியே பெடஸ்டல் என்னும் மின்கம்பப் பெட்டியில் உள்ள மெயினை அணையுங்கள். பிள்ளைகளை வீட்டின் பக்கம் விடாதீர்கள். வரும் எலக்ட்ரீஷியனிடம் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வரும் கேபிளில் நான்கு ஒயரும் இருந்து, நான்கும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா? வீட்டுக்குள் இருக்கும் பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாக இருக்கின்றனவா? இரண்டு பாதிகளின் இரும்புச் சட்டங்களையும் இணைக்கும் செம்புக் கம்பி மாட்டப்பட்டிருக்கிறதா? இரண்டாவதில் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். சாதாரண வீடுகளில் மெயின் பெட்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்ப்பதுதான் முறை, பழக்கதோஷத்தில் இங்கேயும் சேர்த்துவிடுவார்கள்.

*மைக்ரோவேவ் போட்டால் ஓர் அறையில் விளக்கு மங்குகிறது, இன்னோர் அறையில் பளிச்சென்று ஏறுகிறது.* எங்கோ நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. 120 வோல்ட்டுக்கான சாமான்களுக்கு அதைவிட வெகு அதிகம் போய்க்கொண்டிருக்கும், ஃபிரிட்ஜும் டிவியும் புகைந்துவிடும். மெயினை அணைத்துவிட்டு மின்நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், அவர்கள் பக்கத்து இணைப்பைப் பார்க்கப் பெரும்பாலும் பணம் கேட்க மாட்டார்கள்.

*கேஸ் வாடை.* பிராப்பேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, ஸ்கர்டிங்குக்குள் போய்த் தேங்கும். எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, தள்ளிப் போய் நின்று போன் செய்யுங்கள். கீழே குனிந்து பாருங்கள் என்ற என் அறிவுரை இதற்குப் பொருந்தாது.

கதவு இடிக்கிறது, ஜன்னல் மூலையில் விரிசல், தரையில் வைத்த பந்து உருள்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் கெடுத்துவைக்கப்படுவதும் இதுதான். காரணம் மட்டம்.

நெடுஞ்சாலையில் குலுங்கி வந்த வீட்டில் ஜன்னல், கதவு மூலைகளில் மயிரிழை விரிசல் இருப்பது சகஜம். அது வளர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரம் கழித்தும் கோட்டைத் தாண்டவில்லை என்றால் அது வெறும் பூச்சு வேலை. தாண்டியிருந்தால் வீடு இறங்கிக்கொண்டிருக்கிறது.

மட்டம் பார்க்க ரசமட்டம் போதாது, நீளம் பற்றாது. நம் ஊர்க் கொத்தனார் பிடிக்கும் அதே டியூப் லெவலைத்தான் இங்கே செட்டப் ஆட்களும் பிடிக்கிறார்கள். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், ஒரு முனை நடு பீமில், மறுமுனை மூலைக்கு மூலை. இரண்டு பேர் இருந்தால் நீங்களே பார்க்கலாம்.

எந்தக் கதவு இடிக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். டபுள்வைடில் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டை மேரேஜ் லைன் என்பார்கள். அதையொட்டிய உள்கதவு இடித்தால் நடு வரிசைப் பியர்கள், அதாவது பிளாக் அடுக்கிய தூண்கள், இறங்கியிருக்கும். வாசல் கதவு மட்டும் இடித்தால் வெளிச்சுவர் ஓரத்தைப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள வெளிக்கதவுகளுக்கும், 48 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள மற்றத் திறப்புகளுக்கும் இரண்டு பக்கமும் அடியில் தாங்கு வேண்டும் என்பது ஹட் விதி. அவசரத்தில் விட்டுப்போகிற தாங்குகளில் இவையே முதலிடம்.

கீழே போனதும் ஒவ்வொரு பியரின் உச்சியிலும் பீமுக்கும் பிளாக்குக்கும் நடுவே செருகியிருக்கும் மரச் சக்கையை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஜோடியாக, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து அடித்து இறுக்கியிருக்க வேண்டும். ஆடினால் அந்தப் பியர் சும்மா நிற்கிறது, அதன் சுமையைப் பக்கத்துப் பியர் தாங்கிக்கொண்டிருக்கிறது. பிளாக்கின் ஓட்டை மேலும் கீழுமாக நிற்க வேண்டும். படுக்கப் போட்டிருந்தால் அது நசுங்கும்.

இறங்கியது ஏன் என்பதற்கு விடை பெரும்பாலும் தண்ணீர். வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்கு, அடிக்கு அரை அங்குலம் வீதம் தரை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். அதாவது மொத்தம் ஐந்து அங்குலம். மழை பெய்யும்போது குடையோடு வெளியே போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் பியரின் அடியில் விழுகிறதென்றால், மட்டம் பார்த்துத் தூக்கிவைத்தாலும் அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் இறங்கும்.

வேலையின் வரிசை முக்கியம். தண்ணீரைத் திருப்புவது, மட்டம் சேர்ப்பது, வீட்டை மண்ணோடு பிணைக்கும் ஆங்கர் ஸ்ட்ராப்பை மறுபடி இறுக்குவது, கதவுச் சட்டத்தைச் சரிசெய்வது, கடைசியாக விரிசலைப் பூசுவது. வாரன்ட்டி ஆள் வந்தவுடன் இழைப்புளியை எடுத்துக் கதவைச் சீவ ஆரம்பித்தால் நிறுத்துங்கள். சீவிய கதவு, மட்டம் சேர்த்த பிறகு இடைவெளி விட்டு இளிக்கும். வீடு வைத்து இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறை மட்டம் மறுபார்வை தேவை என்று பல நிறுவனக் கையேடுகளே சொல்கின்றன. விற்பவர் அதை இலவசமாகச் செய்வாரா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

வீட்டின் ஒரு பாதி குளிர்கிறது, மறு பாதி வேகிறது

தெர்மோஸ்டாட்டை மாற்றாதீர்கள். ஏசி ஆளையும் இப்போதே கூப்பிட வேண்டாம். டபுள்வைடில் ஒரு பாதியின் தரை டக்டிலிருந்து மறு பாதிக்கு ஒரு பெரிய வளைகுழாய் கீழே போகும், அதுதான் கிராஸ்ஓவர் டக்ட். சில மாடல்களில் இந்த இணைப்பு தரைச்சட்டத்துக்குள்ளேயே இருக்கும், வெப்பமான தென்மாநில வீடுகள் சிலவற்றில் டக்டே கூரைக்குள் ஓடும். உங்களுடையது கீழே ஓடுகிறதென்றால் ஏசியை ஓடவிட்டுக் கீழே போங்கள். கழன்ற முனை இருந்தால் தேட வேண்டியதே இல்லை, குளிர்காற்று முகத்தில் அடிக்கும்.

கழலாமலும் கெட்டிருக்கலாம். டக்ட் தரையில் கிடந்தால் ஈரம் ஏறி, அதைச் சுற்றியுள்ள வெப்பத்தடுப்புப் பஞ்சு ஊறிவிடும், எலியும் கடிக்கும். ஸ்ட்ராப்பால் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். கூர்மையாக மடங்கியிருந்தால் காற்று திணறும். வீட்டிலிருந்து நீட்டியிருக்கும் காலர் வளையத்துடன் சேரும் இடத்தில் வெறும் துணி டேப் சுற்றியிருந்தால் அது முதல் கோடையிலேயே உரிந்துவிடும், அங்கே இறுக்குப் பட்டையும் மாஸ்டிக் என்னும் அடைப்புப் பசையும் வேண்டும்.

இதைக் கரன்ட் பில் பிரச்சினை என்று மட்டும் நினைக்கக்கூடாது. ஏசி ஊதும் காற்று கீழே கசிந்தால், அந்த அளவு காற்றை வீடு வெளியிலிருந்து சுவர் இடுக்கு வழியாக உறிஞ்சும். ஃபுளோரிடா, லூசியானா போன்ற புழுக்கமான ஊர்களில் அந்த ஈரக்காற்று குளிர்ந்த சுவர்ப்பலகையின் பின்பக்கம் பட்டு வியர்க்கும். வினைல் ஒட்டிய சுவர் என்றால் ஈரம் வெளியேறவும் முடியாது. கொஞ்ச நாளில் சுவரில் இளஞ்சிவப்புத் திட்டு தெரியும், விரலால் அழுத்தினால் பலகை அமுங்கும். அப்படித் திட்டு கண்டவர்கள் ஏசியை இன்னும் குறைத்து வைப்பார்கள். அது எரிகிற கொள்ளியில் எண்ணெய் விடுவதுதான், சுவர் மேலும் குளிர்ந்து மேலும் வியர்க்கும். முதலில் டக்ட் கசிவை அடைத்துவிடுங்கள், தெர்மோஸ்டாட்டை ஓரிரு டிகிரி ஏற்றுங்கள்.

தரை ஓரிடத்தில் மெத்தென்கிறது, அடியில் பை தொங்குகிறது

வீட்டின் அடிவயிற்றை ஒரு கறுப்புத் துணி போன்ற உறை மூடியிருக்கும், உள்ளே பஞ்சும் தண்ணீர்க் குழாய்களும். அந்த உறை ஓரிடத்தில் தொந்தி போட்டிருந்தால் உள்ளே தண்ணீர். மெயின் வால்வை அடைத்துவிட்டு, பக்கவாட்டில் நின்றுகொண்டு, தொந்தியின் தாழ்ந்த புள்ளியில் சிறிதாக ஒரு துளை மட்டும் போடுங்கள். நேர் கீழே படுத்துக்கொண்டு கிழித்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

வடிந்த பிறகுதான் கசிவைத் தேட முடியும். ஊறிய பஞ்சு காயாது, எடுத்துப் போட்டுப் புதிது வைக்க வேண்டும். உறையை அதற்கான பெல்லி டேப்பால் மூடாமல் விட்டால், குளிர்காலத்தில் அந்த ஓட்டைக்கு நேர் மேலே உள்ள குழாய்தான் முதலில் உறையும். மேலே கால் அமுங்கும் இடமும் கீழே தொந்தியும் நேருக்கு நேர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடித்தான் தேங்கும்.

பாத்ரூமில் சாக்கடை வாடை, சிங்க் குளுக் குளுக் என்கிறது

பயன்படுத்தாத இரண்டாவது பாத்ரூமில் வாடை என்றால் ஒரு வாளி தண்ணீரை டப்பில் ஊற்றுங்கள், வாடையைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவான டிராப் காய்ந்திருக்கும். சிங்குக்கு அடியில் வாடை என்றால் அங்கே குழாய் உச்சியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் காற்றுவால்வு இருக்கும், அது திறந்தபடி சிக்கியிருக்கலாம். கையால் திருகி எடுத்து மாற்றுகிற சாமான், விலையும் குறைவு.

வீடு முழுக்க மெதுவாக வடிந்தால் மட்டும் கீழே போங்கள். பல வீடுகளில் அடியில் ஓடும் சாக்கடைக் குழாய்களை மனையில்தான் கோக்கிறார்கள். அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். நடுவில் ஸ்ட்ராப் இல்லாமல் குழாய் தொய்ந்திருந்தால் அந்தத் தொய்வில் கசடு தங்கும். கூரையை மடித்துக் கொண்டுவந்து மனையில் நிமிர்த்துகிற மாடல் என்றால் கூரைக்கு மேல் போகும் வென்ட் என்னும் காற்றுக் குழாயையும் மனையில்தான் இணைப்பார்கள். அதை இணைக்காமல் விட்டிருந்தால் குளுக் குளுக் சத்தம் ஓயாது.

தண்ணீர் மெதுவாக வருகிறது, வெந்நீர் வரவே இல்லை

ஒரு குழாயில் மட்டும் மெதுவாக வந்தால் நுனியில் உள்ள வலையைக் கழற்றிக் கழுவுங்கள். பிளாஸ்டிக் குழாய் வெட்டிய சீவல் அதில் நிற்கும். எல்லாக் குழாயிலும் படபடவென்று அடித்துக்கொண்டு வந்தால் எதிர்ப்பிரச்சினை: ஊர்த் தண்ணீரின் அழுத்தம் 80 பி.எஸ்.ஐ.யைத் தாண்டியிருக்கும், ரெகுலேட்டர் வேண்டும்.

மின்சார வாட்டர் ஹீட்டரில் குடியேறிய நாளிலிருந்தே வெந்நீர் வரவில்லையா? டேங்க் நிரம்பும் முன்னே யாரோ பிரேக்கரைப் போட்டிருக்கிறார்கள், எலிமென்ட் வெறும் காற்றில் எரிந்துபோயிருக்கும். இன்னும் போடாதவர்கள், வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்றில்லாமல் தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பிறகு போடுங்கள்.

குளிர்ப் பிரதேசம் என்றால் தண்ணீர் உள்ளே ஏறும் குழாயைச் சுற்றி, உறையாமல் சூடேற்றும் ஹீட் டேப் இருக்கிறதா, அதன் பிளக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகியிருக்கிறதா என்று பனி விழும் முன்பே பாருங்கள். மேனுஃபாக்சர்டு வீட்டுக்கு என்று அங்கீகரித்த டேப்தான் வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் சூடேறித் தீப்பிடிக்கும்.

பிளக் பாயின்ட் செத்துவிட்டது

பிரேக்கர் விழவில்லை, ஆனால் ஒரு பாத்ரூமில் கரன்ட் இல்லை. மற்ற பாத்ரூம், சமையலறை, வெளிச்சுவர், ஏன் வீட்டுக்கு அடியில் ஹீட் டேப்புக்கு உள்ள சாக்கெட் வரை ஷாக்கைத் தடுக்கத் தானே அணையும் ஜி.எஃப்.சி.ஐ. சாக்கெட்டுகளின் ரீசெட் பொத்தானை எல்லாம் அழுத்திப் பாருங்கள். ஒன்று விழுந்தால் அதன் பின்னால் வரிசையில் உள்ளவை எல்லாம் சாகும். டபுள்வைடில் ஒரு பாதி முழுக்கவே சில சர்க்யூட் இல்லை என்றால், மேரேஜ் லைனில் ஒயர் இணைப்பு மாட்டவில்லை.

அடுப்புச் சுடர் மஞ்சளாக எழுகிறது, பாத்திரம் கரிப்பிடிக்கிறது

கையை எடுங்கள், அடுப்பை அணையுங்கள். அடுப்பும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் இயற்கை வாயுவுக்கான துளையோடு வந்திருக்கும், உங்கள் மனையில் பிராப்பேன் டேங்க். இயற்கை வாயுவில் ஒரு கன அடிக்குச் சுமார் 1,000 பி.டி.யு. வெப்பம், பிராப்பேனில் சுமார் 2,500. பெரிய துளை வழியே அதை விட்டால் முழுதாக எரியாது, கார்பன் மோனாக்சைடு பிறக்கும். மாற்றுத் துளைகள் அடங்கிய சிறு பை பெரும்பாலும் கையேட்டோடு கிடக்கும், ஆனால் பொருத்துவது உரிமம் பெற்ற கேஸ் ஆளின் வேலை. ஃபர்னஸையும் கேஸ் வாட்டர் ஹீட்டரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், அடுப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

கண்ணாடி வியர்க்கிறது, புது வாடையில் கண் எரிகிறது

குளிர்காலத்தில் ஜன்னலில் தண்ணீர் வழிந்தால் முதலில் துணி டிரையரின் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஸ்கர்டிங்கைத் தாண்டி வெளியே வர வேண்டும். வீட்டுக்கு அடியிலேயே விட்டிருந்தால், ஒவ்வொரு துவைப்பின் ஈரமும் தரைக்கு அடியில்தான் சேர்கிறது. அடுத்து, வீட்டுக்கு அடியில் மண்மேல் 6 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாலிதீன் விரித்திருக்கிறதா? விரித்திருந்தால் ஸ்கர்டிங்கில் காற்றுத் துளை வீட்டின் தரைப்பரப்பில் 1,500 சதுர அடிக்கு ஒரு சதுர அடி போதும், இல்லையென்றால் 150 சதுர அடிக்கு ஒன்று வேண்டும். பத்து மடங்கு வித்தியாசம், பாலிதீனோ மலிவு. பிறகு நம் சமையல். சோறும் இட்லியும் விடும் ஆவி கொஞ்சநஞ்சமல்ல. ஹூட் ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே போய், சுவரிலுள்ள அதன் மூடி திறக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கண் எரிச்சல் பசையிலும் பலகையிலும் உள்ள ஃபார்மால்டிஹைடால். ஹட் 1985 முதலே இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. 2005 கத்ரீனா புயலுக்குப் பின் அரசு கொடுத்த டிரெய்லர்களில் இது பெரிய விவகாரமாகி, 2008-இல் மத்திய நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. அளந்து அறிவித்தது. சூடும் ஈரமும் ஏற ஏற வாடையும் ஏறும். எனவே பூட்டிவைத்துச் சூடேற்றி "எரித்து வெளியேற்றுகிறேன்" என்று குடியிருந்துகொண்டே முயல வேண்டாம். வீட்டோடு வரும் வெளிக்காற்று விசிறியை அணைத்துவைக்காதீர்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்து போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டிலிருந்தால் சில வாரம் கழித்துக் குடிபோவதுதான் என் யோசனை.

விற்றவர் தொழிற்சாலையைக் கைகாட்டுகிறார், தொழிற்சாலை செட்டப் ஆளைக் கைகாட்டுகிறது

இதுவும் ஓர் அறிகுறிதான், மருந்தும் உண்டு. போனில் பேசுவதை நிறுத்துங்கள். மூவருக்கும் ஒரே கடிதம், ஒரே தேதி: தொடர் எண், ஒவ்வொரு பாதியின் வெளிச்சுவரிலும் உள்ள, ஹட் விதிப்படி கட்டியதற்கான சிவப்புத் தகட்டின் எண், எந்த அறையில் என்ன குறை, மேலே எடுத்த படம், அதே இடத்துக்குக் கீழே எடுத்த படம். கீழ்ப்படம் இருந்தால் "அது சாதாரணமாகச் சுருங்குவதுதான்" என்கிற பேச்சு அடிபட்டுப்போகும்.

வீடு முதலில் பொருத்தப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் தெரிவித்த குறைகளுக்குத்தான் ஹட்டின் தகராறு தீர்வுத் திட்டம் பொருந்தும். சில மாநிலங்கள் தாங்களே நடத்துகின்றன: டெக்சஸில் மாநில வீட்டுவசதித் துறையான டி.டி.எச்.சி.ஏ.யின் மேனுஃபாக்சர்டு ஹவுசிங் பிரிவு, கலிஃபோர்னியாவில் அதே வகைத் துறையான எச்.சி.டி. பத்தாவது மாதத்தில் ஒருமுறை மேலும் கீழும் முழுக்கச் சுற்றி வந்து, மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள். அந்தச் சிவப்புத் தகட்டைப் பெயின்ட் அடிக்கும்போதோ சைடிங் மாற்றும்போதோ யாரும் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் ஹட் மறுதகடு தராது, ஹட்டுக்காகத் தகடுப் பதிவுகளை வைத்திருக்கும் ஐ.பி.டி.எஸ். நிறுவனத்திடம் எழுதி உறுதிக் கடிதம்தான் வாங்க முடியும், அது இல்லாமல் அடுத்து வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம்.